மிஸ்ஸுக்கு என்ன சார் வாங்கறது?

மார்ச் கடைசி வாரம். ஆபீஸில் வருஷக் கணக்கை முடிக்கிற அவசரம். நம்மாளு கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செல்போன் 'டிங்' என்கிறது. வீட்டம்மாவின் செய்தி: 'நாளைக்கு பாப்பாவுக்கு ஸ்கூல் கடைசி நாள். வரும்போது மிஸ்ஸுக்கு ஏதாவது வாங்கிட்டு வந்துடுங்க.'

அந்த 'ஏதாவது' இருக்கிறதே, அதுதான் சார் ஆபத்தான வார்த்தை! 'அரை கிலோ தக்காளி' என்றால் அழுகின தக்காளியையாவது வாங்கிக்கொண்டு போய்த் திட்டு வாங்கலாம். 'ஏதாவது' என்றால் எதை வாங்கினாலும் திட்டு.

இத்தனைக்கும் விஷயம் திடீரென்று முளைத்ததில்லை. 'எல்.கே.ஜி. பேரன்ட்ஸ்' என்ற வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான். அம்மாக்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லி, சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்டிருப்பார்கள். அப்பாக்கள்? மெசேஜுக்குக் கீழே ஒரு கட்டை விரல் படத்தைத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். ஏகலைவனுக்குப் பிறகு குருதட்சிணையாகக் கட்டை விரலைக் கொடுத்தவர்கள் நம்ம ஊர் அப்பாக்கள்தான். அவனுக்கு ரத்தம் வந்தது, நமக்கு டேட்டா போகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்!

200 காபி கப்!

ராத்திரி எட்டரை மணி. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட ஃபேன்ஸி ஸ்டோரில் குனிந்து நுழைகிறார் நம்மாளு.

''டீச்சருக்கு ஏதாவது கொடுங்க.''

''பட்ஜெட் எவ்ளோ சார்?''

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவுடன் மூன்று பொருள்களில் ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும். 'உலகத்திலேயே சிறந்த டீச்சர்' என்று எழுதிய காபி கப். சுவர்க் கடிகாரம். இல்லாவிட்டால் பளபளவென்று ஜிகினா ஒட்டிய பிளாஸ்டிக் பூச்சாடி.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வகுப்பில் 20 குழந்தைகள். அதில் பாதிப் பேரின் அப்பாக்கள் ராத்திரி எட்டரை மணி அப்பாக்கள் என்று வைத்துக்கொண்டால்கூட வருஷத்துக்கு 10 கப். மிஸ் 20 வருஷம் வேலை பார்த்தால் 200 கப். வீட்டில் இருப்பது நாலு பேர். ரிட்டயர்மென்ட்டுக்குப் பிறகு ஒரு டீக்கடை போட்டால்தான் உண்டு!

நவராத்திரியில் ரவிக்கைத் துணி ஊர் சுற்றுவது நமக்குத் தெரியும். மயிலாப்பூரில் கொடுத்தது மாம்பலம், நங்கநல்லூர் எல்லாம் போய், நாலாவது வருஷம் அதே கொலுவுக்குத் திரும்பி வரும். சுவர்க் கடிகாரமும் அதே சாதிதான். மிஸ் வீட்டிலிருந்து ஒரு கிரகப் பிரவேசத்துக்குப் போய், அங்கிருந்து ஒரு கல்யாணத்துக்குப் போய், ஓடிக்கொண்டே இருக்கும். பேட்டரி போடாமலே ஓடுகிற ஒரே கடிகாரம் அதுதான்.

இதில் கடைக்காரர் மேல் தப்பில்லை. 'டீச்சருக்கு' என்று கேட்டால் அவர் டீச்சருக்குத்தான் கொடுப்பார். 'எந்த டீச்சருக்கு' என்று நமக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்?

அஞ்சு கேள்வி, அஞ்சு மார்க்

ஆமாம், நமக்குத் தெரியுமா? ஒரு குட்டிப் பரீட்சை. பக்கத்தில் மனைவி இருந்தால் சற்றுத் தள்ளி உட்காரவும். காப்பி அடிக்கக் கூடாது.

1. உங்கள் குழந்தையின் மிஸ் பெயர் என்ன? ('மிஸ்' என்று எழுதினால் மார்க் கிடையாது.)

2. ஜூன் மாதம் உங்கள் குழந்தை ஸ்கூலில் எத்தனை நாள் அழுதது? எப்படி நிறுத்தினார்கள்?

3. டிபன் பாக்ஸில் மிச்சம் வைக்கிற குழந்தையைச் சாப்பிட வைப்பது யார்?

4. போன வருஷம் செய்யத் தெரியாத எந்த வேலையை உங்கள் குழந்தை இப்போது தானாகவே செய்கிறது?

5. ஆயாம்மா பெயர் என்ன?

நாலு, அஞ்சு மார்க் வாங்கியவர்கள் மேலே படிக்க வேண்டிய அவசியமில்லை. என்ன வாங்குவது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். மூன்றுக்குக் கீழே வாங்கிய பெரும்பான்மையினர் என்னோடு வாருங்கள்.

ஜூன் மாதக் கச்சேரி

எந்த ப்ளே ஸ்கூல் வாசலிலும் ஜூன் மாதம் முதல் வாரம் காலை ஒன்பது மணிக்குப் போய் நின்று பாருங்கள். ஒரு குழந்தை ஆரம்பித்தால் போதும், ஆளாளுக்கு ஒரு ஸ்ருதியில் சேர்ந்துகொள்ளும். சில சமயம் கேட்டுக்கு வெளியே அம்மாவும் அழுவார். அப்பா பைக்கை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு, 'ஆபீஸுக்கு லேட்டாச்சு' என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். (கண்ணில் தூசு!)

உள்ளே போன 20 குழந்தைகளும் அதுவரை வீட்டு மனிதர்களைத் தவிர யாரையும் நம்பி இருந்ததில்லை. அவர்கள் நம்பப் போகிற முதல் அந்நிய மனுஷி அந்த மிஸ். ஒன்றை இடுப்பில், ஒன்றைக் கையில், இன்னொன்றைப் புடவைத் தலைப்பில் தொங்கவிட்டுக்கொண்டு அவர் பாட்டும் பாடியாக வேண்டும்.

அப்புறம் வருஷம் முழுக்க நடக்கிற பாடங்கள் இருக்கின்றன. எதுவும் ரிப்போர்ட் கார்டில் வராது. வாட்டர் பாட்டில் மூடியைத் திறப்பது. செருப்பை இடது வலது பார்த்துப் போடுவது. 'ஒண்ணுக்கு வருது' என்று வந்த பிறகு சொல்லாமல் வருவதற்கு முன்னால் சொல்வது. பக்கத்துப் பிள்ளையின் பொம்மை பக்கத்துப் பிள்ளையுடையது என்று ஒத்துக்கொள்வது. இந்தக் கடைசிப் பாடத்தில் பாஸாகாத பெரியவர்கள் எத்தனை பேர் கோர்ட் வாசலில் நிற்கிறார்கள்!

'சட்டைக்கு பட்டன் போடறது ஒரு பாடமா?' என்று கேட்காதீர்கள். மரியா மான்டிசோரி அம்மையார் அதற்கென்றே தனிக் கருவி செய்தார். மரச் சட்டத்தில் துணியை மாட்டி, பட்டன் போட்டுப் போட்டு அவிழ்க்கிற சட்டம் ஒன்று, நாடா முடிகிற சட்டம் ஒன்று. 1907-ல் ரோம் நகரத்து ஏழைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத் தன் முதல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். 1939-ல் நம்ம அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நடுவில் உலக யுத்தம் வந்துவிட, 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். இன்றைக்கு உங்கள் பிள்ளை தானே பட்டன் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறதென்றால் அதற்குப் பின்னால் இவ்வளவு பெரிய சரித்திரம் இருக்கிறது.

மறந்துபோகப் போகிற மிஸ்

இனி சொல்லப் போவதுதான் முக்கியமான விஷயம்.

உங்களுடைய முதல் வாத்தியாரின் முகம் ஞாபகம் இருக்கிறதா? பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் ஞாபகம் இருப்பார், காது இன்னும் வலிக்கும். காலேஜ் புரொபசர் ஞாபகம் இருப்பார். ஆனால் மூன்று வயதில் உங்கள் மூக்கைத் துடைத்துவிட்ட டீச்சர்? மனதைத் தோண்டிப் பார்த்தாலும் ஒரு பச்சைப் புடவையோ, மணி அடிக்கிற சத்தமோதான் வரும். மூன்று வயதுக்கு முந்திய நினைவுகள் நம்மில் பெரும்பாலோருக்கு இல்லை. அதற்கடுத்த ஒன்றிரண்டு வருஷத்து நினைவுகளும் துண்டு துண்டாகத்தான் இருக்கும். மனித மூளையின் சுபாவம் அது.

அதாவது, உங்கள் குழந்தையும் இந்த மிஸ்ஸை மறந்துவிடும். இன்றைக்கு 'எங்க மிஸ் சொன்னாங்க' என்று உங்களையே எதிர்த்துப் பேசுகிற அதே குழந்தைதான்! பெரிய ஆளான பிறகு எந்த 'பழைய மாணவர் சந்திப்பு'க்கும் எல்.கே.ஜி. மிஸ்ஸை யாரும் கூப்பிட மாட்டார்கள். மேடையில் சால்வை போர்த்த மாட்டார்கள். பிளஸ் டூவில் முதல் மார்க் வாங்கியவர் டி.வி.யில் நன்றி சொல்லும்போது அந்தப் பெயர் வராது.

பெரிய வகுப்பு வாத்தியார்களுக்கு மாணவன் பின்னாளில் வந்து நன்றி சொல்வான். சின்ன வகுப்பு மிஸ்ஸுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அவர் செய்ததை ஞாபகம் வைத்திருக்கக்கூடிய ஆட்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் அம்மா. இன்னொருவர்... ராத்திரி எட்டரை மணிக்கு ஃபேன்ஸி ஸ்டோரில் நிற்கிறார்.

அதனால்தான் சொல்கிறேன், இது பிள்ளை தரவேண்டிய பரிசு இல்லை. பிள்ளைக்காக நாம் அடைக்க வேண்டிய கடன். அதுவும் இப்போதே.

கிஃப்ட் கொடுத்தவர் வாத்தியார்தான்!

இது ஒன்றும் புதுப் பழக்கம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு நெல்லாகவும் காய்கறியாகவும்தான் பெரும்பாலும் சம்பளம் போனது. நவராத்திரி வந்தால் பிள்ளைகள் வீடு வீடாகப் பாட்டுப் பாடிக்கொண்டு போய் அவருக்குக் காணிக்கை சேர்ப்பார்கள். டாக்டர் ராதாகிருஷ்ணன் பிறந்த நாளான செப்டம்பர் 5, 1962-லிருந்து ஆசிரியர் தினமானது. அன்றைக்கு ஒரு ரோஜாப் பூவோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் அப்புறம் வந்தது.

ஆனால் எல்.கே.ஜி. சரித்திரத்தில் முதலில் கிஃப்ட் கொடுத்தது யார் தெரியுமா? வாத்தியார்! 'கிண்டர்கார்டன்' என்கிற பெயரையே உலகத்துக்குக் கொடுத்தவர் ஜெர்மனிக்காரரான ஃப்ரெடரிக் ஃப்ரோபெல். 1837-ல் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியை ஆரம்பித்து, 1840-ல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று அர்த்தம் வருகிற மாதிரி இந்தப் பேரை வைத்தார். குழந்தைகள் விளையாடிக் கற்க அவர் செய்த சாமான்களுக்கு வைத்த பெயரே 'பரிசுகள்'. முதல் பரிசு, ஆறு நிறத்தில் கம்பளி நூல் பந்துகள். இரண்டாவது பரிசில் மர உருண்டை, உருளை, கன சதுரம். விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் அந்தப் பிஞ்சுக் கைக்கு என்ன பொருந்தும் என்று யோசித்து யோசித்துச் செய்தவை.

நல்ல பரிசுக்கு அன்றும் இன்றும் அது ஒன்றுதான் விதி. வாங்குகிற கையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

சரி, என்னதான் வாங்கறது?

மிஸ்ஸின் கை, தொண்டை, முதுகு மூன்றையும் யோசியுங்கள். கடை தானாகப் புலப்படும்.

நாள் முழுக்கக் கத்திப் பாடுகிற தொண்டை அது. சூடு தாங்குகிற நல்ல ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று வருஷக்கணக்கில் மேஜை மேல் இருக்கும். அதோடு ஒரு பொட்டலம் பனங்கற்கண்டும் மிளகும் வைத்துப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் பூங்கொத்துக்குக் கிடைக்காத சிரிப்பு அதற்குக் கிடைக்கும்.

குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து எழுந்திருக்கிற உடம்பு. நல்ல பருத்திப் புடவை உபயோகப்படும். கோ-ஆப்டெக்ஸுக்குப் போகலாம். 1935-லிருந்து இருக்கிற கடை, நெசவாளிக்கும் ஒரு பங்கு போகும். ஆனால் ஒன்று, பல ஸ்கூல்களில் மிஸ்களுக்கும் யூனிஃபார்ம் புடவை உண்டு. அதை விசாரித்துக்கொள்ளுங்கள். கலர் தேர்வு செய்கிற வேலையை மட்டும் ஆண்கள் தனியாகச் செய்யவே கூடாது. இது சட்டமல்ல, உயிர் பாதுகாப்பு.

கலைப் பொருள்தான் கொடுப்பேன் என்றால், பூம்புகார் விற்பனை நிலையத்தில் தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை கிடைக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் விழாமல், சிரித்த முகத்தோடு நிமிர்ந்துவிடும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மிஸ் நிற்கிற மாதிரியே இருக்கும்!

வகுப்புக்கே ஒரு பரிசு கொடுக்கலாம். சென்னையின் தூலிகா பதிப்பகம், நேஷனல் புக் டிரஸ்ட், சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட் எல்லாம் சின்னக் குழந்தைகளுக்கான படக் கதைப் புத்தகங்கள் போடுகின்றன. ஒரு காபி கப் விலையில் நல்லதாக ஒன்றோ இரண்டோ வாங்கலாம். முதல் பக்கத்தில் 'எல்.கே.ஜி. வகுப்புக்கு, அன்புடன்' என்று எழுதி, குழந்தையை அதன் கையெழுத்தில் ஒரு கிறுக்கல் கிறுக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் வருகிற பிள்ளைகளுக்கு மிஸ் அதைப் படித்துக் காட்டுவார். கலர் பென்சில், சார்ட் பேப்பர் மாதிரி வகுப்புச் சாமான்களைச் சில மிஸ்கள் கைக்காசு போட்டு வாங்குவதும் உண்டு. அதையும் கேட்டு வாங்கித் தரலாம்.

வேண்டாம் சார், வேண்டாம்!

அழகு சாதனக் கிரீம் வேண்டாம். 'என் மூஞ்சிக்கு என்ன குறைச்சல்?' என்று கேள்வி வரும். எடை பார்க்கிற மெஷின் வேண்டவே வேண்டாம். சென்ட் வேண்டாம், ரசனை மாறும், சிலருக்குத் தும்மல் வரும். சாமி படமும் விக்கிரகமும் மிஸ் எந்த மதம், எந்த சாமி என்று தெரியாமல் வேண்டாம். இரண்டு கிலோ ஸ்வீட்? 20 வீட்டிலிருந்தும் ஸ்வீட் வந்தால் மிஸ்ஸுக்கு நாம் தருவது நன்றி இல்லை, சர்க்கரை வியாதி. அதற்கு வீட்டில் பண்ணின எலுமிச்சை ஊறுகாயோ, பருப்புப் பொடியோ ஒரு சின்ன பாட்டிலில் போகட்டும். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ராத்திரி எட்டரை மணிக்குச் சாதத்தில் பிசைந்துகொள்ள ஒரு பொடி கிடைத்தால் அதன் அருமை அவருக்குத் தெரியும்.

ஆயாம்மா எங்கே?

கேள்வி நம்பர் 5-ல் பெரும்பாலான அப்பாக்கள் கோட்டை விட்டிருப்பார்கள்.

குழந்தை வாந்தி எடுத்தால் துடைப்பது யார்? டிராயர் நனைந்தால் மாற்றி விடுவது யார்? கேட்டில் அழுகிற பிள்ளையை முதலில் வாங்கிக்கொள்கிற கை எது? மிஸ்ஸுக்குக் கிஃப்ட் பேப்பர் சுற்றிப் போகிறது. ஆயாம்மா அந்தப் பேப்பரைக் கூட்டிப் பெருக்குகிறார்.

பள்ளியிலேயே குறைந்த சம்பளம் வாங்குகிறவர்களில் அவர் ஒருவர். அவருக்குப் பூச்சாடி வேண்டாம், பணமாகவே கொடுங்கள். மிஸ்ஸுக்குச் செலவழிக்கிற அதே தொகையை ஒரு கவரில் போட்டு, வழக்கம்போல் மேலே ஒரு ரூபாய் நாணயம் வைத்து, இரண்டு கையாலும் கொடுங்கள். ஆட்டோ அண்ணனையும், வேன் டிரைவரையும் மறக்க வேண்டாம். ஹாரன் அடித்துவிட்டு மூணு நிமிஷம் பொறுமையாகக் காத்திருக்கிறாரே, உங்கள் வீட்டு ஷூ தேடும் படலம் முடிகிறவரை!

வசூல் மன்னர்கள் கவனத்துக்கு

குரூப்பாகச் சேர்ந்து வாங்குவது நல்ல யோசனை. 20 வீடு, ஆளுக்கு 100 ரூபாய் என்றால் 2,000 ரூபாய். 20 கப்புக்குப் பதிலாக உருப்படியாக ஒரு பொருள் போகும், ஆயாம்மாவுக்கும் பங்கு வரும். ஆனால் வசூலுக்கும் ஒரு நாகரிகம் வேண்டும்.

'இன்னும் பணம் அனுப்பாதவர்கள்' என்று குரூப்பில் பட்டியல் போடாதீர்கள். அந்த மாசம் ஒரு வீட்டில் வேலை போயிருக்கலாம், ஆஸ்பத்திரிச் செலவு இருந்திருக்கலாம். தொகையைச் சின்னதாக வையுங்கள், கட்டாயம் என்று சொல்லாதீர்கள். முக்கியமாக, வாழ்த்து அட்டையில் கொடுத்தவர் கொடுக்காதவர் என்று பார்க்காமல் வகுப்பில் இருக்கிற அத்தனை குழந்தைகளின் பெயரையும் எழுதுங்கள். நாலு வயசுப் பிள்ளைகளுக்குள் பணக்காரன், ஏழை என்ற பாடத்தை நாம் நடத்த வேண்டாம்.

ஸ்வீட் பாக்ஸும் பைலும்

ஆபீஸில் வேலை பார்க்கிற நமக்கு இது சொல்லாமலே புரியும். பைல் நகர்வதற்கு முன்னால் வருகிற ஸ்வீட் பாக்ஸுக்கும், எல்லாம் முடிந்து போகிற அன்று வருகிற ஸ்வீட் பாக்ஸுக்கும் ருசியே வேறு.

'ஆண்டு விழாவில் எங்க பையனை முதல் வரிசையில நிறுத்துங்க' என்ற எண்ணத்தோடு டிசம்பரில் போகிற வெள்ளிக் குங்குமச் சிமிழ் நன்றி இல்லை. அது அட்வான்ஸ். வாங்குகிற மிஸ்ஸுக்கும் தர்மசங்கடம், பக்கத்துப் பிள்ளைக்கும் அநியாயம். அதனால் எதுவாக இருந்தாலும் வருஷக் கடைசியில் கொடுங்கள். சில பள்ளிகள் பரிசே கூடாது என்று விதி வைத்திருக்கின்றன. மதித்துவிடுங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால், பரிசு வாங்குவதற்கு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் கட்டுப்பாடு உண்டு. அன்போடு நீட்டினாலும் அவரை வம்பில் மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். அங்கெல்லாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்கித் தரலாமா என்று தலைமையாசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

'அப்போ எதுவுமே கொடுக்க முடியாதா?' என்றால், எந்த விதியும் தடுக்காத பரிசு ஒன்று இருக்கிறது. அதுதான் இருப்பதிலேயே ஒஸ்தியும்கூட.

ஒரு தாள், ஒரு பேனா

உங்கள் வேலையைப் பாராட்டி ஒரு கஸ்டமர் மெயில் போட்டால் என்ன செய்வீர்கள்? உடனே மேனேஜருக்கு அனுப்புவீர்கள். அப்ரைசல் சமயத்தில் தேடி எடுத்து நீட்டுவீர்கள். மனசு சோர்ந்த நாளில் தனியாகத் திறந்து படிப்பீர்கள். (யாருக்கும் தெரியாமல், இரண்டு தடவை!)

மிஸ்ஸுக்கும் அப்படித்தானே? ஆகவே ஒரு கடிதம் எழுதுங்கள். 'தங்கள் சேவைக்கு மனமார்ந்த நன்றி' என்று கல்யாணப் பத்திரிகை பாஷையில் வேண்டாம். அவர் செய்த ஒரு காரியத்தை, ஒரே ஒரு காரியத்தை, பெயர் சொல்லி எழுதுங்கள். இந்த மாதிரி:

'வணக்கம் மிஸ். ஜூன் மாதம் என் மகள் தினமும் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் அவளை மீன் தொட்டி பக்கத்தில் உட்கார வைத்து, மீனுக்குத் தீனி போடும் வேலையை அவளுக்குக் கொடுத்தீர்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகூட, மீனுக்குப் பசிக்கும் என்று பையை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். அவள் பெரியவளானதும் இது அவளுக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ, எங்களுக்கு இருக்கும்.'

அவ்வளவுதான், அஞ்சு வரி. கீழே குழந்தை சொல்வதை அப்படியே, திருத்தாமல், ஒரு வரி எழுதுங்கள். 'மிஸ் நல்லா பாடுவாங்க, ஆனா சத்தமா பாடுவாங்க' என்று சொன்னால் அப்படியே போகட்டும். பக்கத்தில் ஒரு படம் வரையச் சொல்லுங்கள். வந்தது மிஸ்ஸா, யானையா என்ற சந்தேகம் வரும். கவலைப்படாதீர்கள், மிஸ் சரியாகக் கண்டுபிடித்துவிடுவார். அதற்குத்தான் அவருக்குச் சம்பளம்.

இன்னொரு காரியமும் செய்யுங்கள். அதே கடிதத்துக்கு ஒரு நகல் எடுத்து, பிரின்ஸிபாலுக்கோ தாளாளருக்கோ அனுப்புங்கள். புகார் என்றால் எத்தனை வேகமாக மேலிடத்துக்குப் போகிறோம்! பாராட்டு மட்டும் ஏன் கேட்டோடு நிற்க வேண்டும்? இன்க்ரிமென்ட் பேச்சு வரும்போது அந்தத் தாள் அவர் பக்கம் நின்று பேசும்.

பணிக்கொடை என்கிற கொடை

சம்பளம் என்றதும் இன்னொன்று. ஆபீஸில் நாம் 'கிராச்சுட்டி' என்கிறோமே, அதற்குத் தமிழில் 'பணிக்கொடை' என்று பெயர். செய்த வேலைக்காகக் கொடுக்கிற கொடை. சட்டப்படி கிடைக்கிற 'தேங்க் யூ' என்று வைத்துக்கொள்ளுங்களேன். அதை வாங்கக்கூட டீச்சர்கள் கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்தது, தெரியுமா?

பணிக்கொடைச் சட்டம் வந்தது 1972-ல். அதிலிருந்த 'ஊழியர்' என்ற வார்த்தைக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று 2004-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2009-ல் சட்டத்தையே திருத்தி ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்குப் போட, 2022 ஆகஸ்டில்தான் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. நம்ம ஊரில் இன்றும் பலர் 'பால்வாடி' என்று கூப்பிடுகிற அங்கன்வாடிகள் 1975-ல் தொடங்கிய திட்டம். அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கும், உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். அதாவது 47 வருஷம் கழித்து!

அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஏ.சி. போதவில்லை, ஸ்மார்ட் போர்டு வேண்டும் என்று கேட்கிறபோது, இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்: ''சார், நம்ம மிஸ்களுக்கு பி.எஃப். பிடிக்கிறீங்களா? ஆயாம்மாவுக்கு?'' நாலு அப்பாக்கள் சேர்ந்து கேட்டால் நிர்வாகம் காது கொடுக்கும். எந்த ஜிகினாக் காகிதத்திலும் சுற்ற முடியாத பரிசு அது.

சரி, கடை மூடுகிற நேரமாகிறது. பிளாஸ்க்கோ, புத்தகமோ, பருப்புப் பொடியோ, உங்கள் வசதிக்கு ஏற்றதை வாங்கிக்கொள்ளுங்கள். கடிதத்தை மறக்காமல் உள்ளே வையுங்கள். நாளைக்கு அரை மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு நீங்களே நேரில் போங்கள். குழந்தையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அது பாதி வழியில் 'தரமாட்டேன், எனக்குத்தான்' என்று கட்டிப் பிடித்துக்கொண்டால் மிரட்டாதீர்கள். மிஸ் வாங்கிக்கொள்வார், அவருக்கு இது பழக்கம்.

ஆனால் கிளம்புவதற்கு முன்னால் மெதுவாக மனைவியிடம் போய் மிஸ் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கவர் மேலே எழுதணுமில்லே!